மஞ்சள் வைக்காத டெண்டர்

அந்தக் கோபுரம் தெரிஞ்சதும் செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டீங்க பாருங்க, அதப் பாத்த பெறகுதான் உங்ககிட்டப் பேசலாம்னு தோணுச்சு தங்கச்சி. இல்லாட்டி நான் ரயில்ல யாருகிட்டயும் வாய் குடுக்குற ஆள் இல்ல. இப்பல்லாம் கோபுரம் தெரிஞ்சா போன எடுத்துப் படம் புடிக்கிறாங்க. நீங்க செருப்பக் கழட்டுனீங்க. ஓடுற ரயில்ல செருப்பக் கழட்டுறதுக்கு ஒரு மனசு வேணும்.

நமக்கு நாகப்பட்டினத்துப் பக்கம். பேரு அம்பலவாணன். கான்ட்ராக்டர். பள்ளிக்கூடத்துச் சுவரு, வாய்க்கா மதகு, பஞ்சாயத்துத் தண்ணி டேங்கு, இந்த மாதிரி வேலைங்க. 'அரசு ஒப்பந்தக்காரர்'னு வீட்டு வாசல்ல போர்டு இருக்கு. இருந்துச்சு. போன மாசம் நானே கழட்டி மாட்டுக் கொட்டாயில சாத்தி வச்சிட்டேன். போறவன் வர்றவன்லாம் அதப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்குறான், தாங்க முடியல.

மெட்ராசுக்கு எதுக்குப் போறீங்கன்னு கேட்டீங்கல்ல. விசாரணைக்கு. பயப்படாதீங்க, கொலக் கேசு இல்ல. போலீசே இல்ல. வெளிநாட்டு வங்கி ஒண்ணு. பெரிய புயல் அடிச்சுதுல்ல, அதுக்கப்பறம் கடலோரம் பூரா புயலுக்குச் சனம் ஒதுங்குற மையம் கட்டச் சொல்லி நம்ம கவர்மென்டுக்குக் கடன் குடுத்தாங்க. காசு அவங்களுது, அதனால சட்டமும் அவங்களுது. டெண்டருன்னா நெசமாவே போட்டி நடக்கணுமாம். உள்ளுக்குள்ள யாரும் பேசி வச்சுக்கக் கூடாதாம். பேசி வச்சது தெரிஞ்சா பேர ஒரு பட்டியல்ல ஏத்தி ஒலகம் பூரா பாக்குற மாதிரி தொங்க விட்டுருவாங்க. அதப் பாத்துட்டு மத்த நாட்டு வங்கியெல்லாம், இவனுக்கு வேல குடுக்காதன்னு கதவச் சாத்திரும். ஆப்பிரிக்காவுல ஒரு கக்கூசு கட்டணும்னாக்கூட அம்பலவாணனுக்குக் கெடையாது. ஏம்மா, நான் கும்பகோணத்துக்கே வேலைக்குப் போனதில்ல. என்ன எதுக்கு ஆப்பிரிக்காவுல நொழைய விடாம தடுக்குறாங்க?

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். அப்பறம் நம்ம ஊரு ஆபீசுல கூப்புட்டு, விசாரணை முடியற வரைக்கும் இங்கயும் டெண்டர் போடாதன்னுட்டாங்க. கலவை மிஷினு வாசல்ல நிக்கிது, அதுல கோழி ஏறி உக்காந்துக்கிது. எங்கிட்ட இருந்த கொத்தனாருங்க ஒவ்வொருத்தனா கேரளாவுக்குப் போயிட்டான். இன்னிக்கு சாயங்காலம் கடைசி விசாரணை. பட்டியல்ல பேரு ஏறிட்டா நான் அவ்வளவுதான். எனக்கு வேற எதுவும் தெரியாது தங்கச்சி. இந்த வயசுல நான் போயி என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

சரி, நான் என்ன பண்ணேன்? ஒண்ணுமே பண்ணல. அதான் வயித்தெரிச்சலே. வேலைய எடுத்து மோசமாக் கட்டுனேன், புடிக்கிறாங்கன்னா நியாயம். நான் வேலையே எடுக்கல. எடுக்காத வேலைக்குத் தண்டன.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கல்யாணத்துக்கு மொய் எழுதுறோம்ல. நீங்க என் வீட்டுக் கல்யாணத்துக்கு எழுதுனா நான் உங்க வீட்டுதுக்கு எழுதுறேன். எழுதாட்டி மனுசனே இல்ல. அது மாதிரிதான் இதுவும். டெண்டருக்கு ஒருத்தன் மட்டும் போட்டா மறுபடி போடுன்னு திருப்பி விட்டுருவாங்க. அதனால இந்த வேல யாருக்குன்னு நாங்களே முன்கூட்டி உக்காந்து பேசிக்குவோம். அவரு ஒரு ரேட்டு போடுவாரு. மத்த ரெண்டு மூணு பேரு அதுக்கு மேல ஏத்திப் போட்டுத் தருவோம். டம்மின்னு சொல்றது. நாளைக்கு எனக்கு ஒரு வேல வரும்போது அவரு எனக்குப் போட்டுத் தருவாரு. இதுல களவு எங்கேர்ந்து வந்துச்சு? யாரு வீட்டுல பூந்து எடுத்தோம்?

அதுலயும் கேட்டது யாரு? என் கூடப் பொறந்த தங்கச்சி வீட்டுக்காரரு. தங்கச்சி பேரு செண்பகவல்லி. உங்க வயசுதான் இருக்கும், சாடை கூட கொஞ்சம் அப்படித்தான். மாப்பிள்ள பேரு திருமேனி. அவரும் கான்ட்ராக்டருதான், என்ன விடப் பெரிய ஆளு. ஒரு நாள் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. எங்க வீட்டுல காப்பி கொண்டாந்து வச்சா, தொடல. "மச்சான், வெள்ளமணல் குப்பத்து மையம் எனக்கு வேணும். நீங்க ஒரு டம்மி போட்டுக் குடுங்க"ன்னாரு. காப்பி ஆறிக்கிட்டே இருக்கு. தங்கச்சி கதவோரம் நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. மாப்பிள்ள நம்ம வீட்டுல வந்து காப்பியத் தொடாம உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? நீங்க பொம்பள, உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி அந்தப் பொண்ணு எப்படித் தூங்கும்? சரின்னேன். அப்பறம்தான் குடிச்சாரு.

எனக்கு அந்த வேலைல ஆச இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்கு முன்னாடியே போயி எடம்லாம் பாத்துட்டு வந்திருந்தேன். அங்க கெடக்குற மண்ணு உப்பு மண்ணு, அத அள்ளிக் கட்டுனா கம்பி அரிச்சிரும், ஆத்து மணல் வண்டி வச்சு அடிக்கணும்னு கணக்கெல்லாம் போட்டு வச்சிருந்தேன். அஞ்சம்மா வேற கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அத விடுங்க. கேட்டுச்சு, அவ்வளவுதான்.

அஞ்சம்மா யாருன்னா, எங்கிட்ட சித்தாளு. அந்தக் குப்பத்துப் பொம்பளதான், புருசன் கடலுக்குப் போறவன். அதுக்கு அப்படி ஒரு கைராசி தங்கச்சி. நான் எந்த வேல ஆரம்பிச்சாலும் மொதக் கரண்டி கலவைய அஞ்சம்மா கையாலதான் போடச் சொல்லுவேன். இஞ்சினியரு வந்து நிப்பாரு, தலைவரு வந்து நிப்பாரு, யாரு நின்னாலும் மொதக் கரண்டி அஞ்சம்மாதான். அது போட்ட சுவரு எதுவும் இன்னிக்கு வரைக்கும் கீறல் விட்டதில்ல. "எங்க குப்பத்து மையத்த நீங்க கட்டுங்க மொதலாளி, நான் மொதக் கரண்டி போடுறேன், எங்க சனம் பாக்கட்டும்"னு கேட்டுச்சு. பாப்போம்னு சொன்னேன். மாப்பிள்ளைக்கு எழுதிக் குடுத்துட்டேன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது? கெடைக்கல அஞ்சம்மான்னு சொல்லிட்டேன்.

மாட்டுனது எப்படின்னு கேளுங்க. நீங்க சாமி கும்புடுறவங்க, உங்களுக்குத்தான் இது வெளங்கும்.

நான் டெண்டர் போடுறப்ப நேராக் கொண்டு போயி பொட்டியில போட மாட்டேன். எங்க தெரு முக்குல ஒரு பிள்ளையாரு. காயிதத்த அவரு காலடியில வச்சு, மஞ்சளக் கொழச்சு நாலு மூலைக்கும் தொட்டு, நடுவுல குங்குமம் வச்சு, இது எனக்குக் கெடைக்கணும் சாமின்னு கும்புட்டுட்டுத்தான் கவர ஒட்டுவேன். எல்லா டெண்டருக்கும். ஆனா டம்மிக்கு வைக்க மாட்டேன். வேணாம்னு போடுற டெண்டர எடுத்துட்டுப் போயி அவருகிட்ட என்னன்னு வேண்டுறது? மனுசங்கிட்ட முன்னப்பின்ன பேசுவோம், தொழில்னா அப்படித்தான். சாமிகிட்ட நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல தங்கச்சி. அந்த ஒரு நேர்மையிலதான் மாட்டுனேன்.

மொதல் விசாரணை ஒரு ஓட்டல் ரூமுல. நல்ல குளுரு. வெள்ளக்காரரு ஒருத்தரு, பக்கத்துல மொழிபெயர்க்க நம்ம ஊரு அம்மா ஒண்ணு, மதுரப் பக்கம்னு பேச்சுலயே தெரியுது. நான் அந்த வெள்ளக்காரருக்கு அல்வா வாங்கிட்டுப் போயிருந்தேன். ஊருலேர்ந்து வெறுங்கையோட போறது மரியாத இல்லல்ல. அத வாங்கக்கூட இல்ல. அந்தம்மா பாத்துட்டு, "இது வேற எழுத வேண்டியிருக்கும், பைக்குள்ள வைங்க சார்"னு மெதுவாச் சொல்லுச்சு. அல்வாவுல என்னம்மா ஊழல் இருக்கு?

அப்பறம் நான் இத்தன வருசமா எடுத்துக் கட்டுன வேலைங்களோட டெண்டரு காயிதத்தையெல்லாம், இந்த வெள்ளமணல் காயிதத்தோட சேத்து, மேச மேல வரிசையாப் பரப்புனாங்க. எங்கேர்ந்து தோண்டி எடுத்தாங்களோ. வெள்ளக்காரரு ரேட்டப் பத்தித்தான் கேட்டாரு. நானும் சிமெண்டு வெல, கம்பி வெலன்னு ஒரு மாதிரி சமாளிச்சிட்டு வந்தேன். அந்தம்மா மட்டும் பேசாம ஒவ்வொரு காயிதமா மூலையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு, "அம்பலவாணன் சார், எல்லாத்துலயும் மஞ்சள் வச்சிருக்கீங்க. வெள்ளமணல் குப்பத்துக்கு மட்டும் ஏன் வைக்கல?"ன்னு கேட்டுச்சு.

அந்த வெள்ளக்காரரு தனியா வந்திருந்தா ஏதோ கறைன்னு நெனச்சிட்டுப் போயிருப்பாரு. நம்ம பொண்ணுக்குத் தெரியுதே. மறந்துட்டேம்மான்னேன். "சாமி காரியத்த மறப்பீங்களா?"ன்னுச்சு. அது இங்கிலீசுல அவருக்கு வெளக்கிச் சொல்லுது, அவரு என்னப் பாக்குறாரு, காயிதத்தப் பாக்குறாரு, எழுதுறாரு. எனக்கு அழுக வந்துருச்சு. அந்தக் குளுருல வேர்க்குது.

முடிஞ்சு கெளம்புறப்ப அந்தம்மா வாசல் வரைக்கும் வந்துச்சு. "யாரு கேட்டுப் போட்டீங்கன்னு உண்மையச் சொல்லிருங்க. சொன்னா தண்டன ரொம்பக் கொறையும், சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. கொஞ்ச நாள்ல மறுபடி தொழில் பண்ணலாம்"னுச்சு. நல்ல பொண்ணுதான். ஆனா யாரு பேரச் சொல்றது? அன்னிக்கே தங்கச்சி போனு பண்ணி அழுவுது. "அண்ணே, ஒன் மாப்பிள்ள பேரு மட்டும் ஒன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா நான் பொட்டியத் தூக்கிட்டு ஒன் வாசல்லதான் வந்து நிக்கணும்"னு. சட்டத்துல எடம் இருக்குன்னு அந்தப் பொண்ணு ஈசியாச் சொல்லிருச்சு. செண்பகவல்லிக்கு எந்தச் சட்டத்துல எடம் இருக்கு?

இதெல்லாம் இவங்க ஏன் தோண்டுனாங்கன்னு கேக்குறீங்களா? அது ஒண்ணும் இல்ல. மையத்துல முன்பக்கம் போர்ட்டிகோ விழுந்துருச்சு. அடுத்து வந்த புயலு, அது பெருசு கூட இல்ல. மாப்பிள்ளையயும் கொற சொல்ல முடியாதும்மா. மேல கீழ குடுக்க வேண்டியதக் குடுத்துட்டு மிச்சத்துலதானே கம்பி வாங்கணும். உப்பு மண்ணத்தான் அள்ளிப் போட்டிருக்காரு. நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆனா மாப்பிள்ளைக்குப் போயி நாம பாடம் எடுக்க முடியுமா?

உள்ள இருந்த சனத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. வாசல்ல நின்னவங்களுக்குத்தான் அடி. அஞ்சம்மா வாசல்ல நின்னுச்சு.

அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போனு பண்ணுச்சு. "மொதலாளி, மையத்துக்குப் போவச் சொல்றாங்க. கொட்டாயிலயே இருந்துரவா, போவவா?" நான் என்ன சொல்லுவேன்? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? "கொட்டாயி பறந்துரும் அஞ்சம்மா, காங்கிரீட்டு கட்டடம், போயி பத்திரமா இரு"ன்னு சொன்னேன். புயலுக்குக் கொட்டாயில இருன்னு யாராவது சொல்லுவாங்களா? நல்லதுக்குத்தானே சொன்னேன். நல்லதுக்குத்தானே தங்கச்சி?

உசுரோடதான் இருக்கு. வலது கைய முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

கொஞ்சம் தண்ணி இருக்கா? குடுங்க.

என் வக்கீலு ஒரு வழி சொன்னாரு. டெண்டரு போடுறப்ப நாமளும் ஒரு பிரதி வீட்டுல வச்சுக்குவோம். அதுல மஞ்சள் குங்குமம் இருந்தா கதையே வேறங்குறாரு. "வீட்டுப் பிரதிக்குப் பூசை போட்டேன், பொட்டியில போட்டதுக்கு அவசரத்துல வைக்கலன்னு சொல்லிருவோம். நெசமா அந்த வேலைக்கு ஆசப்பட்டுத்தான் போட்டீங்கன்னு ஆயிரும். பழசு மாதிரி தெரிய கொஞ்சம் டீத்தண்ணியும் தொட்டு வைங்க"ன்னாரு. சின்ன வேலைதான். யாரு பேரும் வெளிய வராது. தங்கச்சிக்கும் ஆபத்தில்ல, எனக்கும் ஆபத்தில்ல. ஆசப்பட்டது பொய்யும் இல்லியே. ஆசப்பட்டேன். உங்ககிட்டதான் சொன்னேனே, எடம்லாம் போயி பாத்தேன்னு.

ஆனா கை வர மாட்டேங்குது. மஞ்சளக் கொழச்சு வச்சுக்கிட்டு பூசையறையில உக்காந்தேன். வெரல் காயிதத்துக்கிட்டப் போவுது, திரும்பிருது. பிள்ளையாரு முன்னாடி வச்சு என்னன்னு வேண்டுறது? எங்க வீட்டுல சொன்னேன், நீ வச்சுக் குடு லச்சுமின்னு. அவ குங்குமச் சிமிழ எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதுலேர்ந்து எங்கூடப் பேச்சு இல்ல. சோறு மட்டும் போடுறா.

அப்பத்தான் அஞ்சம்மா ஞாபகம் வந்துச்சு. கைராசிக்காரி. நல்ல காரியம்னா அதுகிட்டத்தானே போவோம், அந்தப் பழக்கத்துல கால் அந்தப் பக்கம் போயிருச்சு. நேத்து குப்பத்துக்குப் போனேன். எனக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லி புருசன அதட்டுது. கைய முந்தானைக்குள்ள வச்சு மூடிக்கிட்டு நிக்கிது. எனக்குக் காட்டக் கூடாதாம். பழைய மாதிரியே சிரிச்ச மொகம். "ஒரு காயிதத்துக்கு மஞ்சள் வைக்கணும் அஞ்சம்மா"ன்னு வாய் தவறி வந்துருச்சு. அதுக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? "புது வேலையா மொதலாளி? எந்த ஊருல?"ன்னு கேட்டுச்சு. நான் காயிதத்தத் திருப்பிப் புடிச்சுக்கிட்டேன். அதுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் திருப்பிப் புடிச்சுக்கிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல.

அப்பறம் அதுவே, "எடது கையால வைக்கக் கூடாது மொதலாளி, ஒங்க தொழிலுக்கு ஆவாது. வேற யாராவது நல்ல கைக்காரங்களாப் பாத்து வச்சுக்குங்க"ன்னுச்சு. சொல்லிட்டு, "வேல ஆரம்பிச்சா மட்டும் சொல்லி அனுப்புங்க, தூரமா நின்னு பாத்துட்டு வந்துர்றேன்"னுச்சு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். வர்ற வழியில சைக்கிள் கடைக்குப் பின்னாடி நின்னு அழுதேன் தங்கச்சி. அந்த வெள்ளக்காரன நெனச்சா அப்படி ஆத்திரமா வருது. ஒரு குடும்பத்த எப்படி ஆக்கிட்டாங்க பாருங்க.

செங்கல்பட்டு ஏரி வந்துருச்சு. தாம்பரத்துல வக்கீலு காரோட நிப்பாரு. அவரு கையால மஞ்சள் வைக்க மாட்டாராம், வக்கீல் தொழிலுக்கு அது சரியா வராதாம்.

இந்தாங்க, இந்த டப்பாவுல மஞ்சள் கொழச்சே கொண்டாந்திருக்கேன். குங்குமம் இந்தப் பொட்டலத்துல. இந்தக் காயிதத்துல மொதப் பக்கம் மட்டும்தான். நாலு மூலைக்கும் தொட்டு, நடுவுல ஒரு பொட்டு. நீங்க படிக்க வேணாம், என்ன ஏதுன்னு உங்களுக்குத் தெரியவே வேணாம். நீங்க வச்சா நான் வச்சதா ஆவாதுல்ல? உங்களுக்கும் அதுல ஒண்ணும் இல்ல, யாரோ கேட்டாங்க, வச்சிட்டு எறங்கிப் போயிட்டீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வர மாட்டேனா? என் போன் நம்பர் எழுதித் தரேன். கூடப் பொறந்தவனா நெனச்சுக்குங்க. கோபுரத்தப் பாத்து கும்புட்ட கை, நல்ல கை. காலைலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்.

வைங்க தங்கச்சி. தாம்பரம் வரப் போவுது.

ஏம்மா... கைய ஏன் முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டீங்க?